மூச்சு விடாத மூடி

சரக்கு கெட்டுப்போனால் சாக்கைத் திட்டுவது வியாபாரியின் பிறவிக் குணம். இது தெரிய வேண்டுமென்றால் கடைத்தெருவில் பிறந்திருக்க வேண்டும். தேவநாதன் பிறந்தது கடைத்தெருவில் அல்ல. பஞ்சாலையில் பிட்டராகப் பதினாறு வருஷம் இரும்போடு பேசிப் பழகியவன். இரும்பு பொய் சொல்லாது. அதனால்தான், வண்டிக்கார சம்மந்தம் வில்லியனூரில் அவன் பட்டறை வாசலில் ஒரு சாக்கை அவிழ்த்துக் கொட்டியபோது, அவனுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

சாக்கிலிருந்து விழுந்தவை அலுமினிய மூடிகள். நசுங்கியவை, பிய்ந்தவை, ஓரத்தில் சிவப்புக் கறை படிந்தவை.

"இன்னாடா இது?"

"உன் மூடிதான். செட்டியாரு திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாரு. நேத்து பதினாலு ஜூலை, பிரெஞ்சுக்காரன் தேசியத் திருநாள் இல்ல? பாகூர்ல சொல்தா முத்துசாமி ஐயா வூட்டுல விருந்து. அவரு மாதிரியே பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரங்க நாப்பது பேர் குந்தியிருக்காங்க. பாட்டில் பட்டு பட்டுன்னு வெடிக்குது. ஒரு மூடி பறந்து போயி ஐயா நெத்தியிலயே அடிச்சுது. வெள்ளைக் கோட்டு பூரா ரத்தம்னு பொம்பளைங்க ஒப்பாரி வச்சுட்டாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா ஒயினு."

"செட்டியாரு இன்னா சொன்னாரு?"

"டப்பா தட்டுறவன் கையில பாட்டிலைக் குடுத்தா இப்படித்தான் ஆவும்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது."

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒயின் பீப்பாய் முன்னைப் போல வரவில்லை, வந்த பீப்பாய்க்குத் தக்கை வரவே இல்லை. தக்கை வேண்டுமென்றால் தில்லிக்கு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். தில்லியில் இருந்த குமாஸ்தாவுக்கோ தக்கை என்றால் தூண்டிலில் கட்டி மிதக்கவிடுகிற சாமான். பாகூரில் ஷெட் போட்டு ஒயினைப் பாட்டிலில் அடைத்து விற்ற சிங்காரவேலு செட்டியார், பழைய தக்கைகளையே வெந்நீரில் ஊறவைத்து, துணி சுற்றி அடித்துப் பார்த்தார். ஊறிப்போன தக்கை பாதி வழியில் நின்றது, மீதி உடைந்து உள்ளே விழுந்தது. அப்புறம்தான் அவர் தேவநாதனைத் தேடி வந்தார். வந்தவர் பட்டறையில் ஒரு பெஞ்சு மேல் உட்கார்ந்து, "தேவநாதா, இந்த ஜில்லாவுலயே உன் கை மாதிரி கை கிடையாதுப்பா" என்றார். வியாபாரி புகழ ஆரம்பித்தால் பணத்தில் குறைக்கப் போகிறான் என்று அர்த்தம். அதுவும் தேவநாதனுக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் மாரடித்தான். முதலில் மூடிக்குள்ளே திருகுமரை வெட்டிப் பார்த்தான். மெட்ராஸ் பக்கத்துக் கண்ணாடி ஆலை ஒன்று கழுத்தில் மரை போட்ட பாட்டில்களைச் செய்து அனுப்பியிருந்தது. ஆனால் ஒரு பாட்டில் கழுத்து போல இன்னொரு பாட்டில் கழுத்து இல்லை. இதில் இறுகிய மூடி அதில் ஆடியது. ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. ஒருநாள் குளிக்கும்போது, மூடிக்கு எதற்கு மரை என்று தோன்றியது. மரைதான் பாட்டிலில் இருக்கிறதே! ஈரத் துணியோடு பட்டறைக்கு ஓடினான். மெல்லிய அலுமினியத்தில் வழுவழுப்பாக ஒரு கிண்ணம் செய்தான். அதைப் பாட்டில் வாயில் கவிழ்த்து மேலிருந்து அழுத்திப் பிடித்தான். இரண்டு சின்னச் சக்கரங்கள் கழுத்தைச் சுற்றி ஓடி, பாட்டிலின் மரைக்குள்ளேயே தகட்டைப் பதிய வைத்தன. ஆளை நிற்க வைத்து உடம்பின் மேலேயே சட்டை தைத்தது மாதிரி. அந்தந்தப் பாட்டிலுக்கு அதனதன் மூடி. உள்ளே தக்கைச் சீவல் ஒன்றும் மெழுகுக் காகிதம் ஒன்றும். கீழ் விளிம்பில், முதல் தடவை திருகும்போது அறுந்துபோகிற மாதிரி ஒரு வளையம். வழியில் எவனாவது திறந்து தண்ணீர் கலந்திருந்தால் வளையம் காட்டிக் கொடுத்துவிடும்.

செட்டியார் அந்த வளையத்தைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார். சில்லறைக் கடைக்காரர்கள் திருடர்கள் என்பது அவர் கட்சி. ஐயாயிரம் பாட்டில் தருவித்தார். மரை நிற்கக் கழுத்தின் கண்ணாடி தடிமனாக இருக்க வேண்டும் என்பதால் உள்வாய் குறுகலாக இருந்தது. அந்தப் பாட்டில்களில் தக்கை அடிக்க முடியாது. தேவநாதன் மூடி ஒன்றுதான் கதி.

இப்போது அந்த மூடிதான் வாசலில் குப்பையாகக் கிடந்தது.

தேவநாதன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். மரை சரியாகப் பதிந்திருந்தது. வளையம் சரியாக இருந்தது. எந்த மூடியும் நழுவவில்லை. தகடுதான் கிழிந்திருந்தது, உள்ளிருந்து எதுவோ குத்தித் தள்ளிய மாதிரி. அவன் பெண்டாட்டி திரௌபதி பின்னால் வந்து நின்றாள். ஒரு மூடியை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"இன்னாய்யா இது, வெல்ல வாசனை அடிக்குது?"

"ஒயினு வாசனை."

"ஒயினுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல. இது புளிச்ச வெல்லம். கரையாம்புத்தூர்ல எங்க வூட்டுக்குப் பின்னாலயே கள்ளு எறக்குவாங்க. எனக்கா தெரியாது? பானை வாயில காத்து பூந்து போற தென்னம் பன்னாடையைத்தான் வைப்பாங்க. மூடி வைக்க மாட்டாங்க. புளிக்கிற சாமானை இறுக்கி மூடினா பானை நிக்குமா?"

தேவநாதன் அவளையே பார்த்தான். பிறகு மூடியைப் பார்த்தான்.

அப்போதுதான் வந்தது கோபம். சாதாரணக் கோபம் இல்லை, அடிவயிற்றிலிருந்து காது மடல் வரை ஏறிய கோபம். செட்டியார் ஒயினில் வெல்லத் தண்ணீரைக் கலக்கிறார். கலந்தது பாட்டிலுக்குள் புளித்துக் காற்றை விடுகிறது. பழைய தக்கை ஓட்டை வழியாக அந்தக் காற்றை வெளியே விட்டு, இத்தனை நாள் செட்டியார் மானத்தைக் காப்பாற்றி வந்தது. இவன் மூடி விடவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக இவன் மூடி செருப்படி வாங்கியிருக்கிறது.

"நாப்பது பேர் முன்னால சொன்னான் இல்ல? அதே நாப்பது பேர் முன்னால, மூடி மேல தப்பு இல்லன்னு அவன் வாயால சொல்லணும். சொல்ல வைக்கலன்னா நான் லேத்தைத் தொட மாட்டேன்."

"சொல்லிட்டா?" என்றாள் திரௌபதி.

"சொன்னாப் போதும்."

"பேரம் தெரியாதவன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்குது உனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும், சக்கரம் வைத்த அந்த இயந்திரத்தைச் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பாகூருக்குக் கிளம்பினான். கரிக்கலாம்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் செட்டியாரை என்னவெல்லாம் கேட்பது என்று ஒத்திகை பார்த்தான். தாண்டிய பிறகு, கேட்காமல் அறைந்துவிட்டால் என்ன என்று யோசித்தான். எதிரே வந்த மாட்டுக்காரர் ஒருவர், இவன் தனியாகத் திட்டிக்கொண்டு போவதைக் கண்டு மாட்டோடு ஒதுங்கி நின்றார்.

செட்டியார் ஷெட்டில், கல்லாவுக்குப் பக்கத்தில் பனைவிசிறியோடு உட்கார்ந்திருந்தார். பாட்டில் கழுவும் பெண்களை வெளியே போகச் சொன்னார். "வா தேவநாதா. மோர் குடிக்கிறியா?"

"வெல்லம் கலந்தீங்களா இல்லியா?"

செட்டியார் விசிறியை நிறுத்தவில்லை. "பீப்பாய் வர்றது பாதி. ஊர் குடிக்கிறது முழுசு. நடுவுல இருக்கிற பாதியை யார் ஊத்துறது? நான்தான் ஊத்தணும்."

"அப்புறம் எம் மூடியை ஏன் செட்டியாரே ஊர் சிரிக்கப் பேசினீங்க?"

"பின்னே எதைப் பேசச் சொல்றே? நாப்பது பேரும் ஈரச் சட்டையோட என்னைப் பார்க்கிறான். என் வாய்ல முதல்ல வந்தது உன் பேரு. சமயத்துக்கு உதவினே. இப்ப நான் உனக்கு உதவுறேன். மூடி நடுவுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுடு. கொஞ்சம் மூச்சு விடட்டும். பத்தாயிரம் மூடி எடுத்துக்கிறேன். மாகே, காரைக்கால்ல இருக்கிற வியாபாரிங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்."

"ஓட்டை போட்டா அது மூடியா? சல்லடை."

"கொள்றவன் கேக்குறதைக் குடுக்கிறவன்தாம்பா வியாபாரி."

"நான் வியாபாரி இல்ல." தேவநாதன் ஷெட்டின் மூலையில் இருந்த பீப்பாயைக் காட்டினான். "உங்க பீப்பாயை என் கண்ணு முன்னால தொறங்க. நாலு பாட்டில் நேரா அதுலருந்து. நாலு நீங்க வெல்லம் கலக்குற தொட்டியிலருந்து. எட்டுக்கும் நானே மூடி போடுறேன். சொல்தா ஐயா வூட்டுல பத்து நாள் இருக்கட்டும். அப்புறம் அதே நாப்பது பேரைக் கூப்பிடுங்க."

"சரி" என்றார் செட்டியார்.

பேரத்தில் எதிராளி சட்டென்று சரி என்று சொன்னால், முதலில் நம் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவநாதன் தடவவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இயந்திரத்தை இறக்கினான்.

சொல்தா முத்துசாமி சைகோனிலும் மார்சேயிலும் காவல் நின்றவர். பாட்டில் எட்டையும் மாட்டுக் கொட்டகையில் மணல் தொட்டிக்குள் புதைத்து, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். நெற்றிப் புடைப்பு இன்னும் வடியவில்லை. "தம்பி, நீதி நடக்கும்" என்றார். பட்டாளத்துக்காரர் வார்த்தை என்று தேவநாதன் நம்பினான்.

ஐந்தாம் நாள் ஒன்று வெடித்தது. எட்டாம் நாள் இரண்டு. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தேவநாதன் மறுபடியும் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வந்தான், யாராவது கேட்டால் மூடி போடுவதையும் அங்கேயே செய்து காட்டலாம் என்று. நாற்பது பேருக்கு அறுபது பேர் கூடிவிட்டார்கள். வெல்லத் தொட்டிச் சரக்கில் மிஞ்சிய ஒரு பாட்டிலை அவன் ஈரச் சாக்கில் சுற்றித் திருகினான். மூடி கையை உதறிக்கொண்டு போய்க் கூரையில் அடித்தது. நுரை பொங்கி வழிந்தது. பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்த பாட்டிலைத் திருகினான். வளையம் நறுக்கென்று அறுந்தது. மூடி சாதுவாகக் கையோடு வந்தது. ஒரு சொட்டு பொங்கவில்லை.

"பார்த்துக்குங்க" என்றான். அறுந்த வளையத்தைத் தூக்கிக் காட்டினான்.

"அதெல்லாம் சரி, ஊத்து பார்ப்போம்" என்றார் ஒருவர்.

மேலும் இரண்டைத் திறந்து, பீப்பாய் ஒயினை டம்ளருக்கு ஒரு வாயாக ஊற்றினார்கள். கூட்டம் குடித்தது. கூட்டத்தின் முகம் ஒன்று போலச் சுளித்தது.

"இன்னாப்பா இது, காடி மாதிரி இருக்குது?"

"செட்டியார் சரக்குல ஒரு சுறுசுறுப்பு இருக்குமே, அது எங்க?"

"நாக்குல இனிப்பே தட்டல."

தேவநாதன் முத்துசாமியைப் பார்த்தான். "ஐயா, நீங்க சொல்லுங்க. நீங்க அந்த ஊர்லயே குடிச்சவரு."

முத்துசாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உருட்டி விழுங்கினார். "மார்சேய்ல குடிச்ச அதே ருசி தம்பி. துளி மாத்தம் இல்ல." பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "அங்கேயும் எனக்குப் பிடிக்கல."

சிரிப்பு அடங்கியதும் செட்டியார் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "பெரியவங்களே, நான் சொன்னது தப்பு. மூடி மேல ஒரு குத்தமும் இல்ல. தேவநாதன் மூடி தங்கமான மூடி. ஊரறியச் சொல்றேன்." நிறுத்தினார். "நம்ம சரக்குக்குத்தான் ஆவாது. அதனால அவரு அதுல சின்னதா ஒரு ஓட்டை போட்டுத் தரப் போறாரு. மூடியும் இருக்கும், சுறுசுறுப்பும் இருக்கும்."

கைதட்டினார்கள். அறுபது பேரும் மனசாரத் தட்டினார்கள். நுரை பொங்கிய பாட்டிலில் மிஞ்சியதை யாரோ கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தேவநாதன் கேட்டது கிடைத்துவிட்டது. அவன் சொல்லச் சொன்னதை, சொல்லச் சொன்ன இடத்தில், சொல்லச் சொன்ன ஆட்கள் முன்னால் செட்டியார் சொல்லிவிட்டார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவனுக்கு இப்படி எரிந்திருக்காது. செட்டியார் ஏமாற்றினார், அது அவர் தொழில். ஏமாந்தவன் இன்னொரு டம்ளர் கேட்கிறானே, அவனை என்ன செய்வது?

அவன் இயந்திரத்தை எடுத்துச் சைக்கிளில் வைத்துக் கயிற்றை இறுக்கினான்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் செட்டியார்.

"வூட்டுக்கு."

"ஓட்டை விஷயம் பேசணுமேப்பா."

"போட மாட்டேன்."

செட்டியார் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஷெட்டுல ஐயாயிரம் பாட்டில் நிக்குது. தக்கை நுழையாது. வேற எவன் மூடி போடுவான்?"

"மூச்சு விடணும்னு சொன்னது நீங்கதானே? தொறந்தே வையுங்க."

செட்டியார் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதை அவன் பார்த்தான். பார்த்தும் நிறைவு வரவில்லை. முத்துசாமி பின்னாலேயே வந்து, திறக்காமல் மிஞ்சிய பீப்பாய் ஒயின் பாட்டில் ஒன்றை அவன் பையில் போட்டார். "எடுத்துக்க தம்பி. இங்க யாரும் குடிக்க மாட்டாங்க."

வில்லியனூர் வரை பன்னிரண்டு மைலும் மிதித்தான். மிதிக்க மிதிக்கக் கோபம் குறையும் என்பார்கள். குறையவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் திரௌபதி கேட்டாள்.

"சொன்னாரா?"

"சொன்னாரு."

"பத்தாயிரம் மூடி?"

"இல்ல."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, பாட்டிலை எடுத்துத் திருகினான். வளையம் அறுந்தது. ஒயினை அவன் வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை. நாக்கு சுருண்டது. பல் கூசியது. ஊறவைத்த புளியில் துருப்பிடித்த ஆணியைப் போட்ட மாதிரி இருந்தது.

"எப்படிய்யா இருக்குது?" என்றாள் திரௌபதி.

அவன் துப்பவில்லை. கண்ணில் தண்ணீர் வர விழுங்கினான்.

"நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு, மூடியைப் பிடித்து, விரல் முட்டி வெளுக்கிற வரைக்கும் திருகி இறுக்கினான்.