கடைசிப் பக்கத்துக் கை

மண்வெட்டியைக் குப்புறத் திருப்பித்தான் முதல் மண்ணை அள்ள வேண்டும். டெவோரா அதை மறந்து நேராகவே குத்தி, நிறைய அள்ளிவிட்டாள். பின்னாலிருந்து ஸெல்டா சித்தி, "திருப்புடி. அவன அனுப்புறதுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று முணுமுணுத்தாள். டெவோரா அள்ளியதைக் கொட்டிவிட்டு, மண்வெட்டியின் முதுகில் நின்ற கொஞ்ச மண்ணை மட்டும் தூக்கிக் குழிக்குள் போட்டாள். முதுகில் எவ்வளவு நிற்கும்? மனசில்லாமல்தான் இந்த வேலையைச் செய்கிறோம் என்று செத்தவனுக்குத் தெரிய வேண்டுமாம், யூதர் வழக்கம் அது.

மண் பெட்டியின் மேல் விழுந்தது. அவள் பிழைப்பே சித்திரக்கதை எழுதுவது. கதவு உடைந்தால் ஒரு சத்தம், தாடை உடைந்தால் ஒரு சத்தம் என்று எல்லாவற்றுக்கும் எழுத்து வைத்திருப்பவள். இந்தச் சத்தத்துக்கு என்ன எழுதுவது என்று பழக்கதோஷத்தில் ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்தவர் கையில் மண்வெட்டியைக் கொடுக்கக் கூடாது. துக்கத்தைக் கைமாற்றிவிடுவது போல் ஆகிவிடும். அவள் அதை மண்குவியலில் குத்தி வைத்துவிட்டு நகர்ந்தாள். அம்மா பேர்ல் மண்வெட்டியைத் தொடவேயில்லை. குனிந்து கையாலேயே ஒரு பிடி எடுத்துப் போட்டாள். பிறகு கையைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

பெட்டிக்குள் இருந்தது ஹெஷி, டெவோராவின் தம்பி. புரூக்லினில் நகரப் பேருந்து ஓட்டியவன். கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு இருந்தவன். நேற்று மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, ஸ்டீயரிங் சக்கரத்தின் மேல் தலையைச் சாய்த்திருக்கிறான். தூங்குகிறான் என்று மற்ற டிரைவர்கள் கொஞ்ச நேரம் எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள். நல்ல மனுஷர்கள். அந்த நல்ல மனசைத்தான் டெவோராவால் மன்னிக்க முடியவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும் காரில் ஸெல்டா சித்தி சும்மா வரவில்லை. "உன் புத்தகத்துலயும் தம்பிய சாகடிச்சியாமே? போன மாசம் வந்ததுல? ஹெஷிதான் சொன்னான்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாய்முகூர்த்தம்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணேறு கழிய மூன்று முறை துப்புவது போல் செய்தாள்.

"அப்ப அடுத்த மாசம் உன்ன எழுதுறேன் சித்தி. பலிக்குதான்னு பார்ப்போம்" என்றாள் டெவோரா.

அம்மாவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

புத்தகத்தில் தம்பி செத்தது உண்மைதான். செம்புக்கையன் என்று ஒரு நாயகன், அம்மாவுக்குக் கல்யாணம் ஆன காலத்திலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருப்பவன். விற்பனை படுத்துவிட்டதால் கம்பெனிக்காரர்கள் பழைய கதை எதுவும் நடக்கவே இல்லை என்று அறிவித்து, முதல் இதழிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். எழுதும் வேலை டெவோராவுக்கு வந்தது. பழைய கதையில் நாயகனின் தம்பி செத்துச் செத்துப் பிழைத்ததில் வாசகர்களுக்கு அலுத்தே போயிருந்தது. அவன் செத்தால் அடுத்த பக்கத்திலேயே அண்ணன் கூரை மேல் நின்று யாரையாவது அடித்துக்கொண்டிருப்பான்.

"உங்காளு உட்காரவே மாட்டானாக்கா?" என்று ஹெஷி கேட்டிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில், நிறுத்திய பேருந்துக்குள் உட்கார்ந்துதான் அவன் அந்தப் புத்தகங்களைப் படிப்பான். "தம்பி செத்திருக்கான். ரெண்டு நாளு உட்காருடான்னு சொல்ல ஒரு நாதி இல்லையா அந்த ஊர்ல?"

தம்பி செத்ததற்கு அடுத்த இதழில், நாலாவதில், அவள் நாயகனை உட்கார வைத்தாள். அடிதடி கிடையாது. முகமூடி கிடையாது. ஒரு வீடு, வந்து போகும் ஆட்கள், ஒன்றும் செய்யத் தெரியாமல் முழங்காலில் கிடக்கும் அந்தச் செம்புக் கை. பதிப்பாசிரியன் ஜோயல் இரண்டு முறை படித்தான். பிறகு பேரம் பேசினான். துக்கத்துக்கு இருபத்தொரு பக்கம் தருகிறேன், கடைசிப் பக்கம் எனக்கு. அதில் கல்லறை மண்ணைக் கிழித்துக்கொண்டு தம்பியின் கை வெளியே வர வேண்டும். அப்போதுதான் அடுத்த இதழை வாங்குவார்கள்.

டெவோரா ஒத்துக்கொண்டாள். ஹெஷிகூட, "இருபத்தொண்ணு கெடைச்சுதுல்ல, லாபந்தான்" என்றான். அப்போது அவன் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் வைத்திருந்தார்கள். கை கழுவிவிட்டு உள்ளே போனார்கள். கண்ணாடிகளைப் படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். அம்மாவும் மகளும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈமச்சடங்குக்காரர் கொடுத்த தாழ்ந்த பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். இனி ஏழு நாள் அவர்களுக்கு அதுதான் இடம். அதுவரை வேலை செய்யக் கூடாது. முதல் சாப்பாடு சொந்தச் சாப்பாடாக இருக்கக் கூடாது என்பதால் யாரோ வேகவைத்துக் கொண்டுவந்த முட்டையை ஆளுக்கொன்று தின்றார்கள். டெவோராவின் சட்டையில் வலது பக்கக் கழுத்துப்பட்டி கிழிந்து தொங்கியது. பெற்றவர்களுக்கு இடது, கூடப்பிறந்தவனுக்கு வலது. காலையில் துக்க முறைப்படி அவளே கிழித்தது.

நாலு மணிவாக்கில் ஜோயல் வந்தான். கக்கத்தில் தட்டையான பெரிய உறை.

அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை வரைந்த கடைசிப் பக்கம். ஓவியர் ஒஹையோவிலிருந்து தபாலில் அனுப்பியிருப்பார். எழுதியவள் ஓவிய அட்டையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும், அது அந்தக் கம்பெனி வழக்கம். நாளைக் காலை அச்சகத்துக்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். வேறு நகல் கிடையாது, மறுபடி வரைய நேரமும் கிடையாது. இந்தப் பக்கம் போகாவிட்டால் இதழ் அதற்கு முந்தின பக்கத்தோடு முடியும். அங்கே மண் மூடிய ஒரு குழி மட்டும் இருக்கும்.

ஜோயல் கெட்டவன் இல்லை. பேரத்தில் தன் பங்கைச் சரியாகச் செய்தவன். மேலிடத்தோடு மல்லுக்கட்டித்தான் அந்த இருபத்தொரு பக்கத்தையும் வாங்கித் தந்தான். அதனால்தான் அவள் கோபத்துக்குப் போக இடமில்லை.

"மொற தெரியும்ல?" என்று ஸெல்டா சித்தி வாசலிலேயே மடக்கினாள். "துக்கக்காரங்க மொதல்ல பேசணும். அவ வாயத் தொறக்கற வரைக்கும் நீ அவகிட்டப் பேசக் கூடாது."

"எங்க வீட்டுலயும் உண்டுங்க" என்றான் ஜோயல். அவனும் இந்தச் சனத்தில் பிறந்தவன்தான், கோயிலுக்குப் போகாவிட்டாலும்.

"உண்டா? ரொம்ப நல்லதாப் போச்சு. உக்காரு."

மடக்கு நாற்காலியில், டெவோராவுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவன் உறையை மடியில் வைத்து, பிறகு மேசை ஓரத்தில் வைத்து, பேனாவை எடுத்து அதன் மேல் வைத்தான். ஒரு தலையசைப்புப் போதும் என்பது போல் புருவத்தை உயர்த்தினான். அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போனார்கள். வேறு சிலர் வந்தார்கள். பேருந்து டிப்போவிலிருந்து இரண்டு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களிடம் அவள் பேசினாள். ஹெஷி எந்தத் தடத்தில் ஓட்டுவான், எங்கே டீ குடிப்பான் என்றெல்லாம் கேட்டாள். ஜோயலிடம் திரும்பும்போது மறுபடி பூட்டிக்கொண்டாள். வேண்டுமென்றேதான். அவளுக்கு அது பிடித்திருந்தது. நேற்றிலிருந்து அவள் கையில் மிஞ்சியிருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

அம்மாதான் கடைசியில் பேசினாள். "நீதான் அந்தப் படப் புத்தகக்காரனா?"

"ஆமாங்க." அவனுக்கு மூச்சு வந்தது. "ஹெஷி விஷயம் கேள்விப்பட்டு ரொம்ப..."

"உறையில என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. ஒரு கையெழுத்து வேணும். நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகணும். இல்லேன்னா இன்னைக்கு வந்திருக்கவே மாட்டேன்."

"என்ன படம்?"

அவன் டெவோராவைப் பார்த்தான். உதவி வரவில்லை. "ஒரு கைங்க. கல்லறையிலேர்ந்து வெளிய வரும். கதையில நாயகனோட தம்பி செத்துட்டான். அவனோட கை."

அம்மாவின் நக இடுக்கில் காலையில் எடுத்த மண் இன்னும் இருந்தது.

"அப்ப அவன் திரும்பி வர்றான்" என்றாள் அம்மா.

"வர்றாங்க."

"எப்ப?"

"அடுத்த மாசம்."

அம்மா தலையை ஆட்டினாள். ரயில் வரும் நேரத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டவள் மாதிரி ஆட்டினாள். "அவங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

ஜோயலின் முகம் சிவந்தது. "அவங்க... இந்தப் புதுக் கதையில அம்மா இல்லைங்க. எடுத்துட்டோம்."

"அதுவும் நல்லதுதான்" என்றாள் அம்மா. "இல்லாட்டி அந்தப் பொம்பளை ஒவ்வொரு மாசமும் வாசலப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

டெவோராவுக்கு நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலேயே அந்த உறையைப் பார்த்தாள். இவர்கள் கதையில் அவனை எழுப்பத்தான் போகிறார்கள், தடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவள் எழுதாவிட்டால் வேறு எவனாவது எழுதுவான். குகை, மந்திரம், இரட்டைப் பிறவி என்று காரணத்துக்கா பஞ்சம்? எழுப்பிக்கொள்ளட்டும். ஆனால் ஒரு மாதமாவது அவன் செத்திருக்கட்டும். காசு கொடுத்து வாங்குகிறவன் ஒரு மாதமாவது அந்த வீட்டில் உட்காரட்டும்.

"வழி விடுங்க, சுடுது சுடுது" என்று ஸெல்டா சித்தி அடுக்களையிலிருந்து வந்தாள். இரண்டு கையிலும் துணியைச் சுற்றி, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த குகெல் என்ற நூடுல்ஸ் கேக்குத் தட்டைப் பிடித்திருந்தாள். விளிம்பில் வெண்ணெய் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மேசையில் இடமில்லை. ஊரே சமைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தது: மீன், ரொட்டி, முட்டை, மூன்று வீட்டு கேக். "எங்கடி வைக்கிறது? கை வேகுது எனக்கு. எதாச்சும் கீழ போடு, மேசை கருகிப் போகும்."

டெவோரா தாழ்ந்த பெட்டியிலிருந்து எழுந்தாள். மேசை ஓரத்து உறையை எடுத்துத் திறந்து அட்டையை வெளியே இழுத்தாள். நல்ல வேலை. ஒவ்வொரு விரலும் தெரிய, மண்கட்டி ஒவ்வொன்றாக உதிர, அந்த ஓவியர் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தார். அவள் அதை முழுசாக ஒரு முறை பார்த்தாள். பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு, படம் மேலே பார்க்கும்படி அட்டையை மேசையில் போட்டாள்.

ஜோயல் பாதி எழுந்துவிட்டான். வாய் திறந்தது. மொத்த வீடும் அவனைத் திரும்பிப் பார்த்தது. டிப்போக்காரர் ஒருவர்கூட, வாசல் வரை போனவர், நின்று பார்த்தார். அவள் இன்னும் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவன் வாய் அப்படியே மூடிக்கொண்டது.

சித்தி தட்டை இறக்கினாள். அட்டை மேல் ஈரம் சுட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது.

டெவோரா ஒரு தட்டை எடுத்தாள். குகெலின் ஓரத்தை வெட்டி, முறுகலான துண்டாகப் பார்த்து வைத்து, எதிரே நீட்டினாள்.

"சாப்பிடு, ஜோயல்."

இப்போது அவன் பேசலாம். பேசுவதற்கு நிறையவே இருந்திருக்கும். அவன் தட்டைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், தாழ்ந்த பெட்டியில் இருந்த அம்மாவைப் பார்த்தான். நின்றுகொண்டே தட்டை வாங்கினான்.

"திராட்சை போட்டிருக்கீங்களா?" என்று சித்தியைக் கேட்டான்.

"போடாமயா? என்ன வீடுன்னு நெனச்ச?"

அவன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். சித்தி மற்றவர்களுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். தட்டுக்கு அடியிலிருந்து வெண்ணெய் மெல்லக் கசிந்து அட்டையில் பரவியது. விரல்கள் எதுவும் தெரியவில்லை. தட்டைச் சுற்றி நாலு பக்கமும் வெறும் மண்தான் தெரிந்தது.