மன உறுதி நாலு

டுவேன் குபியாக் ஆட்டத்துக்கான தன் புது வீரனுக்குப் புள்ளிகளைப் பிரித்த விதம் வெர்னாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வலிமைக்குப் பதினெட்டு, அதற்கு மேல் ஆட்டத்தில் கிடையாது. அந்தப் பதினெட்டுக்காக மன உறுதியிலிருந்து உருவி உருவி, அதை நாலில் கொண்டுவந்து விட்டிருந்தான்.

“நாலா? நாய்க்குட்டிக்கே ஏழு இருக்கும்டா,” என்றான் லைல்.

“கோடாலி தூக்குறவனுக்கு மன உறுதி எதுக்கு?”

டுவேன் ரசீன் நகரத்து வார்ப்படத் தொழிற்சாலையில் இரும்பு உருக்குகிறவன். வாசலில் நின்றால் வெளிச்சம் மறையும். லைல் ஒல்லி, சத்தமாகப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை. இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். ஞாயிறு மதியங்களில் வெர்னா வீட்டு நிலவறையில் கூடி விளையாடுவார்கள். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம், பகடை உருட்டி மேசையில் நகரும் சண்டைக் கதை. கதையை நடத்துகிறவள் வெர்னா. எதிரிகளெல்லாம் அவள் பொறுப்பு.

அந்தக் குளிர்காலம் முழுக்க டுவேனின் வீரன் ப்ராக்கா வெட்டித் தள்ளினான். லைல் இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த வைத்தியன் செலனுக்கு, அவன் பின்னால் போய்க் காயம் கட்டுவதைத் தவிர வேலையில்லை.

“நான் எதுக்கு வர்றேன் வெர்னா? இவனுக்குப் பஞ்சு வைக்கவா?” என்று லைல் அவளிடம் தனியாகக் கேட்டான்.

வெர்னா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எதிரிகளைப் பலசாலி ஆக்கினால் முதலில் சாவது செலன்தான். அதனால் அடுத்த ஞாயிறு, கதையில் வரும் ஒரு கோட்டையின் அடித்தளத்தில் ஆயுதமே இல்லாத ஒரு சூனியக்காரியை உட்கார வைத்தாள். அவள் ப்ராக்காவை மயக்குவாள். செலன் ஒரு வெட்டு வாங்கித் தாங்கி, மயக்கத்தை முறிப்பான். லைலுக்கும் ஒரு நாள் கிடைக்கும்.

ப்ராக்கா காவலர்களுக்குள் புகுந்தான். ஒருவன் தாடையோடு தலை பிளந்து விழுந்தான். இன்னொருவன் சரிந்த குடலைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி, படியில் வழுக்கினான். டுவேன் பீரை உறிஞ்சிச் சிரித்தான். அப்போது சூனியக்காரி ப்ராக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“மன உறுதிக்கு உருட்டு,” என்றாள் வெர்னா. “நாலுக்கு மேல போனா அவ சொன்னபடி கேப்பே.”

இருபது முகப் பகடையில் பதின்மூன்று விழுந்தது.

“பின்னாடி நிக்கிறவனை வெட்டச் சொல்றா.”

“பின்னாடி செலன் நிக்கிறான். நான் வெட்ட மாட்டேன்.”

“நீ வெட்டல, ப்ராக்கா வெட்டுறான். உருட்டு.”

டுவேன் வேண்டாவெறுப்பாக உருட்டினான். பகடை உச்ச எண்ணில் நின்றது. அதோடு பதினெட்டு வலிமையின் உபரியும் சேர்ந்தது. வெர்னா மறுபடி கூட்டிப் பார்த்தாள். தொகை மாறவில்லை, செலன் தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது. வழக்கம்போல நடந்ததைச் சொன்னாள்: கோடாலி தோளில் இறங்கியது, விலா எலும்புகளை முறித்தது, இடுப்புக்கு மேல் செலன் இரண்டாகப் பிளந்தான்.

“லைல், நான் வேணும்னு—” என்று டுவேன் தொடங்கினான்.

லைல் பீர் பாட்டிலை எடுத்து அவன் முகத்தில் அடித்தான். பாட்டில் உடைந்தது. கையில் மிஞ்சிய துண்டால் மறுபடி அடித்தான். மேசை மேல் ஏறி, வரைபடத்தின் மீது மண்டியிட்டு முஷ்டியால் குத்தினான். டுவேன் நினைத்திருந்தால் அவனை ஒற்றைக் கையால் சுவரில் அறைந்திருக்கலாம். அவனோ நாற்காலியின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, கையை எடுக்காமலே இருந்தான். வெர்னா லைலின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினாள். தரையில் விழுந்த லைல், கிழிந்த தன் உள்ளங்கையைப் பார்த்தபடி கிடந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், முகத்தில் துண்டை அழுத்திக்கொண்டிருந்த டுவேனிடம் வெர்னா சொன்னாள்: “லைலுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கலாம்னுதான்...”

“பேசாம ஓட்டு.”

பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னான். இடது கண் போய்விட்டது. உலையருகே நிற்கக் கூடாதென்று தொழிற்சாலையில் அவனைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

கட்டுப் பிரித்த வாரம், லைல் வேலை பார்க்கும் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போகச் சொன்னான். வெர்னா கூட்டிப்போனாள். டுவேன் உட்கார்ந்து காலை நீட்டினான். லைல் மண்டியிட்டு, அளவுப் பலகையை வைக்கத் தெரியாமல் தடுமாறினான்.

“ஞாயித்துக்கிழமை வா,” என்றான் டுவேன்.

“எந்த முகத்தோடடா வருவேன்?”

“இருக்கிற முகத்தோட வா. எனக்குப் பாதிதான் தெரியும்.”

லைல் அவன் காலைப் பிடித்தபடியே, கடையில் ஆட்கள் பார்க்க, அழுதான். அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்து, மேசையின் தூர ஓரத்தில் உட்கார்ந்தான்.