மதிலுக்குப் பின்னால் நின்றவர்

தன் ராசியைப் பற்றிய கதையைப் பஞ்சலிங்கம் தானே தொடக்கி வைத்தவர். அதனால் வேறு யாரையும் ஏசவும் வழியில்லை.

ஒரு வருசம் உதைபந்தாட்ட அரையிறுதியில் புத்தூர்க் கழகப் பெடியள் தோற்றுப்போய்ப் பஸ்ஸில் செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரிக் குந்தியிருந்தார்கள். கோல் காப்பாளன் அழுதுகொண்டிருந்தான். பஞ்சலிங்கத்தால் ஒருவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். பிழை பெடியளில் இல்லை, தான் வந்ததுதான் பிழை, தன் கலியாணத்தன்றே பந்தல் காற்றில் பறந்தது, தான் வெங்காயம் நட்டால் மழை வரும், கிண்டினால் விலை விழும், தான் கால் வைத்த மைதானத்தில் பந்து எப்படி உள்ளே போகும் என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. காப்பாளனும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்த ஆட்டத்திலும் தோல்வி. அதே பகிடியைச் சொன்னார், பாதிப் பேர் சிரித்தார்கள். அதற்கடுத்த ஆட்டத்துக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டார். கழகம் மூன்று கோல் போட்டு வென்றது. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

கழகத் தலைவர் பரமலிங்கம் ஆட்டத்துக்கு ஆட்டம் தோய்க்காத அதே சேட்டுப் போட்டு, பொக்கற்றில் வைரவர் கோயில் தேசிக்காயோடு நிற்கிற மனுசன். முன்வரிசைக்காரன் வலது காலை வைத்துத்தான் கோட்டைத் தாண்டுவான். கோல் கம்பத்துக்கு விபூதி பூசாமல் ஆட்டம் தொடங்காது. இவற்றையெல்லாம் அவர்கள் பக்தி என்றார்கள். பஞ்சலிங்கத்தை மட்டும் முழுவியளம் சரியில்லை என்றார்கள். காலமை அவருடைய முகத்தில் முழித்துவிட்டு ஆட்டத்துக்குப் போவதற்குப் பயந்து, சிலர் அவர் வீட்டு ஒழுங்கையையே சுற்றிப் போனார்கள். ஒருமுறை வீட்டிலிருந்தபடி போனில் நேரலை பார்த்தார், அன்றும் தோல்வி. மைதானத்துக்கு வரக்கூடாதென்ற தடை போனுக்கும் நீண்டது. பிரான்சிலும் கனடாவிலும் இருந்து ஊர்ச்சனம் முழுக்கப் பார்க்கலாம், பந்துக்கு ஒன்றும் ஆகாது. பஞ்சலிங்கம் பார்த்தால் மட்டும் அதற்குக் கண்ணூறு.

இதையெல்லாம் அவர் ஒரு பதவி மாதிரியே வைத்திருந்தார். சந்தையில் கேட்பவர்களுக்கு, கழகத்தில் தலைவருக்கு அடுத்த பொறுப்பு தன்னுடையதுதான் என்பார். ஆனால் மகன் நிருஷன் பெரிய ரீமில் சேர்ந்த நாளிலிருந்து பகிடி கொஞ்சம் குத்தத் தொடங்கியது. மற்றவர்களின் தகப்பன்மார் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இவர் மகன் விளையாடி ஒருநாளும் பார்த்ததில்லை. அழுக்குச் சப்பாத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

இப்போது நிருஷனுக்குக் கனடாவுக்குப் படிக்கிற விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நெல்லியடியில் இறுதியாட்டம். புதன்கிழமை கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான். இதை விட்டால் இனியில்லை என்பது பஞ்சலிங்கத்துக்குத் தெரியும். போகப்போவதாக மனைவி பத்மாவதியிடம் மெல்லச் சொல்லியும் வைத்தார்.

அவள் யாரிடம் சொன்னாளோ, வெள்ளிக்கிழமை பின்னேரம் பரமலிங்கம் வந்துவிட்டார். தேத்தண்ணி குடித்தார், வெங்காய விலை கேட்டார், விசாவைப் பாராட்டினார், முகட்டைப் பார்த்தார்.

“பஞ்சண்ணை, குறை நினையாதேங்கோ. கப் எங்கடை பக்கம் வந்து எத்தினை வருசம்…”

“இது இவன்ரை கடைசி ஆட்டம், பரமலிங்கம். நான் உள்ளுக்கு வரேல்லை. மதிலுக்குப் பின்னாலை நிண்டு எட்டிப் பாத்திட்டு வாறன். தலையிலை துவாயும் போடுறன், பந்துக்கு என்னை அடையாளம் தெரியாது.”

பரமலிங்கம் சிரிக்கவில்லை. நிருஷனைப் பார்த்தார். பஞ்சலிங்கமும் பார்த்தார். படித்த பிள்ளை, இந்த விசர்க் கதையை விடுங்கோ அண்ணை என்று சொல்லுவான் என்று காத்திருந்தார்.

நிருஷன் போனிலிருந்து தலையெடுக்காமல் சொன்னான்: “அப்பா, இந்த ஒருக்கா வீட்டிலை நில்லுங்கோவன்.”

“ஓம்,” என்றார் பஞ்சலிங்கம். “எனக்கும் தோட்டத்திலை வேலை கிடக்கு.”

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஒரு வேலையும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டு ரீவியில் நேரலை போட்டு ஊரே கூடியிருந்தது, பத்மாவதியும் அங்கேதான். அறிவிப்பாளரின் குரல் வேலியால் வந்தது. காதில் விழுவதும் பார்ப்பதில் சேருமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. இது எந்த அளவுக்கு முற்றிய நோய் என்று தன்னையே ஏசிக்கொண்டு, போனை மேசையில் விட்டுவிட்டு மோட்டச்சயிக்கிளை எடுத்தார். வாசிகசாலைப் பக்கம்தான் போக நினைத்தார். வண்டி நெல்லியடி றோட்டில் வல்லைவெளிக்குப் போனது.

பாலத்தடியில் நிறுத்தினார். வெளியில் காற்று ஆளைத் தள்ளியது. அங்கிருந்து நெல்லியடி கிட்டத்தான். போகலாம். போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி. ஆனால் மகனுக்கு ஓம் என்று சொன்னவர். ஆட்டம் முடிகிற நேரம் வரைக்கும் சாரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கழகத்தின் பஸ் வந்தது. வெடியில்லை, கோண் சத்தமில்லை. கொடி சுருட்டிக் கிடந்தது. முன் சீற்றிலிருந்த ஒருவன் அவரைக் கையால் காட்டினான். யன்னல்களில் முகங்கள் திரும்பின. பஸ் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பத்மாவதி சொன்னாள். ஒன்றுக்கு இரண்டில் தோல்வி. முதல் கோல் நிருஷன் போட்டது. கடைசி நிமிசத்தில் கிடைத்த பெனால்டியையும் அவனிடம்தான் கொடுத்தார்கள். பந்து கம்பத்துக்கு மேலால் போய்விட்டது.

இருட்டுப்படத்தான் நிருஷன் வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் படியில் இருந்தான்.

“அப்பா, உங்களை வல்லையிலை கண்டவங்களாம். வந்தனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ.”

உண்மை மிகவும் சின்னது, ஒரு சொல்லில் முடிந்துவிடும். பஞ்சலிங்கம் மகனின் முகத்தைப் பார்த்தார். அன்று பஸ்ஸில் அழுத காப்பாளனின் முகத்தைவிட அது மோசமாக இருந்தது. அந்தப் பெனால்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போகப்போகிறான். பனியிலும் குளிரிலும் தனிய இருந்து அதை எடுத்து எடுத்துப் பார்ப்பான்.

“ஓம்,” என்றார். “மதிலுக்குப் பின்னாலை நிண்டனான்.”

“எல்லாம் பாத்தனீங்களோ?”

“பாக்காமல்? உன்ரை கோல் ஒண்டு போதாதே? இடக்காலாலை என்ன மாதிரி அடிச்சாய்.”

நிருஷன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கிணற்றடிக்குப் போய்க் குளித்தான். வந்து இரண்டுதரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டான். பஞ்சலிங்கத்துக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. தன் நாக்கு இவ்வளவு காலமும் செய்த பிழைக்கு இன்றைக்காவது ஒரு உருப்படியான வேலை செய்ததென்று நினைத்தார்.

கோப்பை கழுவும்போது பத்மாவதி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, அவன் அதைத் தலையாலையெல்லோ அடிச்சவன்.”

பஞ்சலிங்கம் அன்று நித்திரை கொள்ளவில்லை. பொய் என்று மகனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டிருக்கிறான். தெரிந்தவன் விடிந்ததும் வந்து, ஏனப்பா பொய் சொன்னனீங்கள் என்று கேட்பான். கேட்டால் சிரித்துச் சமாளித்து, வல்லைக் காற்றைப் பற்றிச் சொல்லலாம்.

விடிந்ததும் வந்தது பரமலிங்கம். பின்னால் நாலைந்து பெடியள். கேற்றுக்குள்ளே வரவில்லை, வெளியே நின்றபடியே கதைத்தார். வாக்குத் தந்துவிட்டு இப்படிச் செய்யலாமோ, பெடியளின் உழைப்பு முழுக்க வீண் என்றார். பஞ்சலிங்கம் மகனைப் பார்த்தார். பரமலிங்கமும் அவனைத்தான் கேட்டார், உண்மையோ என்று.

“ஓம் அண்ணை,” என்றான் நிருஷன். “அப்பா வந்தவர்தான். மதிலுக்குப் பின்னாலை நிண்டவராம்.”

சொல்லும்போது அவனுடைய குரல் தடுமாறவில்லை. தோளில் இருந்த சுமையை இறக்கிவைத்தவன் மாதிரி நேராக நின்றான். ஒரு பெடியன் எட்டி அவனுடைய முதுகில் தட்டினான். உன்னிலை பிழையில்லை மச்சான் என்றான்.

எல்லோரும் பஞ்சலிங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் என்ன செய்வார்? தெரிந்த தொழில் ஒன்றுதான். அடுத்த வருசம் தன்னை எதிர்க் கழகத்தில் மெம்பராகச் சேர்த்துவிடும்படியும் அப்போது கப் தானாக வீட்டுக்கு வரும் என்றும் சொன்னார். பெடியள் சிரித்தார்கள். நிருஷனும் சிரித்தான்.

புதன்கிழமை காலமை வான் வந்தது. பத்மாவதியும் அவளுடைய தங்கச்சி தங்கமுத்துவும் விமான நிலையம் வரைக்கும் போவதாக ஏற்பாடு. பஞ்சலிங்கத்துக்கும் சீற் இருந்தது. அவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நல்ல நேரம் முடியமுதல் வெளிக்கிட வேண்டும் என்று தங்கமுத்து அவதிப்பட்டாள். பிள்ளை வாசற்படி இறங்கும்போது எதிரில் யார் நிற்பது என்று கேட்டாள். பத்மாவதி நல்ல சகுனமாக எதிரில் வரச் செம்பில் தண்ணீரோடு கேற்றடிக்குப் போனாள். நிருஷன் பையோடு வாசலில் நின்றான். முற்றத்து நடுவில் நின்ற தகப்பனைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து சரிபார்த்தான்.

“மோட்டரை நிப்பாட்டாமல் வந்திட்டன்போலை,” என்றார் பஞ்சலிங்கம். “நீங்கள் ஏறுங்கோ, வாறன்.”

கிணற்றடியில் மோட்டர் நின்றுதான் கிடந்தது. பெட்டிகளை ஏற்றுகிற சத்தம் கேட்டது. வான் ஸ்டார்ட் ஆகியது. ஆனால் உடனே நகரவில்லை. தன்னைக் கூப்பிடத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து, அவசரமாகக் காலைக் கழுவி, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றார்.

பிறகு வெளியிலிருந்து கேற் சாத்துகிற சத்தம் கேட்டது.