ரவைக்கூட்டில் ஓர் எழுத்து

இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடிய பிறகு கேத்ரின் நான்காம் வகுப்புக் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே விஞ்ஞானம் படிப்பிக்கும் நடராசா மாஸ்டர் முந்தாநாள் பேப்பரை விரித்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடமாகியும் மஸ்கெலியாக் குளிர் அவருக்குப் பழகவில்லை. கழுத்தில் மப்ளரோடுதான் இருப்பார். பேப்பரில் சுவையாக எதைக் கண்டாலும் சத்தமாகச் சொல்லிவிடுவது அவர் பழக்கம்.

"ரீச்சர், இதை ஒருக்கா கேளுங்கோ. அமெரிக்காவில, கலிபோர்னியாவில, புதுசா ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கினம். இனி விக்கிற பிஸ்டலுகளுக்குள்ள ரவையைக் குத்துற ஊசி முனையில கண்ணுக்குத் தெரியாத எழுத்து வெட்டி வைக்க வேணுமாம். சுடேக்க அந்த எழுத்து, வெளிய விழுற வெறும் ரவைக்கூட்டில பதிஞ்சிருக்கும். கூட்டைப் பொறுக்கிப் பாத்தா எந்தத் துவக்கு எண்டு தெரிஞ்சுபோம். பாருங்கோவன் விஞ்ஞானத்தை!"

கேத்ரினின் சிவப்புப் பேனா ஒரு பிள்ளையின் ஏழுக்கு மேல் நின்றுவிட்டது. சரியா பிழையா என்று அவளுக்குச் சட்டென்று தெரியவில்லை. மாஸ்டருக்கு அவள் கதை எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அவள் முன்னால் துப்பாக்கி என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள். "அந்தப் பேப்பர நா கொண்டுபோகலாமா சார்?" என்று கேட்டாள். "கொண்டுபோங்கோ, நான் வாசிச்சு முடிச்சிட்டன்" என்று அவர் மடித்துக் கொடுத்தார்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, சம்பள உயர்வு கேட்டுத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தேயிலைத் தொழிற்சாலை வாசலில் ஒரு காலை நேரம் கூட்டம் கூடியது. கல் ஒன்று பறந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அதற்குப் பிறகு ஒரு வெடிச்சத்தம். கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற சூசைரட்ணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் கேத்ரினின் அக்கா தெரேசாவின் புருஷன். தாய் தகப்பன் இல்லாத கேத்ரினைத் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவிலேயே வைத்துப் படிக்கவைத்து டீச்சராக்கியவர்.

அன்று அந்த வாசலில் மூன்று பிஸ்டல்கள் இருந்தன. தோட்ட மேனேஜர் பெரிய தொரையுடையது ஒன்று, அவருக்கு அடுத்த சின்னத் தொரையுடையது ஒன்று, வாசல் காவலுக்கு வந்திருந்தவனுடையது ஒன்று. மூன்றும் ஒரே ரகம். தரையில் கிடந்தது ஒரே ஒரு வெற்று ரவைக்கூடு. சின்னத் தொரை தன்னுடையதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை என்றார். காவல்காரனும் அப்படியே சொன்னான். பெரிய தொரை சொன்னது இன்னும் சுருக்கம்: "என் பிஸ்டல் ஜீப்பில் இருந்தது. ஜீப்பில் டிரைவர் இருந்தான்."

அந்த டிரைவர் கணேசமூர்த்தி.

கொழும்புக்கு அனுப்பிய ரவைக்கூடு எந்தப் பிஸ்டலிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எட்டு மாதம் கழித்து ஓர் அறிக்கை வந்தது. ஆனால் லயத்துச் சனம் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. தொரைக்குக் கதவு திறந்துவிடுகிறவன், தொரை சொன்னால் சுடவும் செய்வான் என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டார்கள்.

கேத்ரினுக்கும் கணேசமூர்த்திக்கும் அதற்கு முந்திய தை மாதம் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. அவன் இந்து, இவர்கள் வேதக்காரர்கள். கோயிலிலா சர்ச்சிலா என்று நாலு மாதம் இழுபட்ட விஷயத்தை முடித்துவைத்தவரே சூசைரட்ணம்தான். "ரெண்டு எடத்திலயும் மாலையப் போட்டுக்கங்கப்பா, சாமிங்க ஒண்ணும் சண்ட போடாது" என்று சிரித்தார். கணேசமூர்த்தி அதிகம் பேசமாட்டான். பேசினாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவான். ஒரு தடவை மட்டும், மழைக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது, "கேத்ரின்" என்று சொல்லிவிட்டு, ஏதோ அடுத்தவர் பொருளைத் தொட்டவன் மாதிரி மழையைப் பார்த்தான். அந்தக் குரலை அவள் எத்தனையோ வருடம் காதுக்குள் வைத்துக் கேட்டிருக்கிறாள். இப்போதெல்லாம் மழைச்சத்தம்தான் தெளிவாகக் கேட்கிறது, குரல் மங்கிக்கொண்டே வருகிறது.

போலீஸ் பிடித்து அடைத்திருந்த கண்டி மறியலில் அவனை அவள் போய்ப் பார்த்தது ஒரே ஒரு முறை. அத்தானின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கிழமை அது. வீட்டில் சொல்லாமல் போனாள். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் அவன் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டீங்களா, அடித்தார்களா என்றெல்லாம் கேட்க வேண்டுமென்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தவள், வலையைப் பிடித்ததும் வேறொன்றைக் கேட்டாள்.

"நீங்களா சுட்டீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை, அழுகையில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டான். அந்த மௌனத்தைத்தான் அவள் பதிலாக எடுத்துக்கொண்டு மலையேறினாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு சாட்சி போதாதென்று அவனை விட்டபோது அவன் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. பெரிய தொரை வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். சின்னத் தொரை வெளிநாடு போனதாகப் பேச்சு. காவல்காரன் பேர்கூட யாருக்கும் ஞாபகமில்லை.

மஸ்கெலியா பஜாரில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் செல்லசாமிதான் ஒரு நாள் லீக்ஸைக் கட்டிக்கொண்டே, "அந்த டிரைவர் கணேசமூர்த்தி நுவரெலியாவுல லொறி ஓட்டுறான் டீச்சர். கொழும்புக்கு மரக்கறி ஏத்துறான்" என்றார். அதிலிருந்து நாலு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அந்தக் கடையில்தான் மரக்கறி வாங்குகிறாள். பக்கத்துக் கடையில் நல்ல போஞ்சி இருந்தாலும் இங்கேதான் வருவாள். செல்லசாமி அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. அவளும் கேட்கவில்லை. பையை நிரப்பிக்கொண்டு சும்மா இரண்டு நிமிடம் அதிகமாக நிற்பாள், அவ்வளவுதான். ஹட்டனுக்குப் போகும் நாட்களில் எதிரே மரக்கறி லொறி வந்தால் கண்ணாடிக்குள்ளே பார்ப்பாள். மனசில் அவன்மேல் பழியை வைத்துக்கொண்டே கண் அவனைத் தேடுவது என்ன மாதிரியான வெட்கம் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அன்று பின்னேரம் தெரேசா கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்து பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். கேத்ரின் பேப்பரை விரித்து அந்தச் செய்தியை வாசித்தாள். பிறகு தன் வார்த்தையில் ஒருமுறை சொன்னாள்.

தெரேசா கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள். "இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"அந்த மாதிரி அப்ப இருந்திருந்தா யாருன்னு தெரிஞ்சிருக்கும்ல."

தெரேசா மற்றக் காலையும் தேய்த்துக் கழுவினாள். கழுவிய காலையே திரும்பவும் கழுவினாள்.

"சத்தம் ஜீப்பு பக்கமிருந்து வந்திச்சின்னு கோர்ட்டுல சொன்னது நான்தான்."

"ஆமாக்கா."

"எங்கேருந்து வந்திச்சின்னு எனக்கு தெரியாதுடி. அது மலைக்கு மலை அடிச்சி நாலா பக்கமுந்தான் கேட்டிச்சி. ஸ்டேசன்ல ஜீப்பு பக்கமான்னு கேட்டாங்க, ஆமான்னேன். அவரு அங்க வெள்ளத்துணிக்கு கீழ கெடக்குறாரு. எங்கிட்ட என்ன கேட்டிருந்தாலும் நா ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். பொறவு கோர்ட்டுல மாத்தி சொல்ல பயம்."

கேத்ரின் பேப்பரை மடித்துக்கொண்டாள். பீலிக் கல்லில் உட்கார்ந்தாள். சேலை நனைந்தது தெரியவில்லை. "இத்தன வருசமா ஏங்க்கா சொல்லல?"

"நீ கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு தெனம் நெனைப்பேன்." தெரேசா மழைக்குப் போர்த்தும் கொங்காணிப் படங்கை உதறிக் கொடியில் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "சனிக்கெழம லீவுதான ஒனக்கு. போய் பாத்துட்டு வா. அவன் சுட்டானோ இல்லியோ, எனக்கு தெரியாது. தெரியாதுன்னு நா சொன்னேன்னு சொல்லு."

சனிக்கிழமை மஸ்கெலியாவில் பஸ் ஏறி, ஹட்டனில் மாறி, தலவாக்கலை, நானுஓயா கடந்து நுவரெலியாவில் இறங்கியபோது பன்னிரண்டு மணி. பேப்பரில் அந்தச் செய்தியை மட்டும் வெட்டிக் கைப்பையில் வைத்திருந்தாள். மரக்கறிச் சந்தையில் கோவா, கரட், லீக்ஸ் என்று மூட்டைகள் மலைபோலக் கிடந்தன. மண்வாசமும் டீசல் வாசமும் ஒன்றாகக் கலந்து வந்தன. கணேசமூர்த்தி என்று மூன்று பேரிடம் விசாரித்தாள். மூன்றாவது ஆள் கையை நீட்டிக் காட்டிய லொறியின் மேல், மூட்டைகளை மூடிய படங்குக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவனின் முதுகை அவள் முகத்தைப் பார்க்காமலே அறிந்துகொண்டாள்.

அவன் இறங்கி வந்தான். கம்பளித் தொப்பிக்குக் கீழே காதோரம் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கைகளை மட்டும் காலம் தொடவில்லை, அதே நீள விரல்கள்.

"வாங்க டீச்சர்" என்றான், நேற்றுப் பிரிந்தவளிடம் சொல்வது மாதிரி.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேள்விகள்மேல் அவளுக்கு ஒரு பயம் வந்திருந்தது. வெட்டிய பேப்பரை எடுத்து நீட்டினாள். அவன் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி, உதடு அசைய மெதுவாக வாசித்தான். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போய் ஒருமுறை வாசித்தான். பின்னால் யாரோ மூட்டைகளை எண்ணிக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல சட்டந்தான்" என்றான். "இந்த எழுத்து அன்னிக்கு இருந்திருந்தா போலீஸ்காரன் நம்பியிருப்பான். லயத்து சனம் நம்பியிருக்கும்." பேப்பரைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். "நீங்களும் நம்பியிருப்பீங்க."

அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்காமல் நின்றாள். "அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னுச்சி. சத்தம் எங்கேருந்து வந்திச்சின்னு தனக்கு தெரியாதாம். தெரியாமத்தான் சொன்னேன்னு சொல்லச் சொன்னுச்சி."

அவன் தலையாட்டினான். தூரத்தில் பீதுருதலாகலை மலையை மேகம் மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் ஒங்கள அப்புடி கேட்டிருக்கக்கூடாது" என்றாள்.

"கேட்டது தப்பில்ல டீச்சர். செத்தது ஒங்க அத்தான். எனக்கும் அவரு அண்ணன் மாதிரி." செருமிக்கொண்டான். "இல்லன்னு ஒரே ஒரு வார்த்த. அது எனக்கு அன்னிக்கு வாயில வரல. வேற யாரு கேட்டிருந்தாலும் வந்திருக்கும். இத்தன வருசமா லொறி ஓட்டிக்கிட்டே தனியா சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன். இல்ல டீச்சர், நா இல்ல டீச்சர்னு."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. பேசியதும் களைத்துப்போனவன் மாதிரி லொறிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டான். இருவரும் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் தம்புள்ளைப் பாதை வெயிலைப் பற்றிச் சொன்னான். வந்ததெல்லாம் இந்த மாதிரிப் பேச்சுதான். ஆனாலும் அவன் குரலை ஒரு சொல் விடாமல் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு லொறி புறப்பட வேண்டும். அவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"ஹட்டன் வழியாத்தான் போறேன். ஏறுங்க, எறக்கி விட்டுர்றேன்."

அவன் ஓட்டிய வண்டியில் அவள் ஏறியதே இல்லை. தொரையின் ஜீப்பில் எப்படி ஏறுவது? இப்போது ஏறி உட்கார்ந்ததும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பக்கத்துக் கண்ணாடி பாதியில் சிக்கி ஏறவில்லை. அவன் வெறும் சாக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "மேல போட்டுக்கங்க" என்றான். சாக்கில் லீக்ஸ் வாசம் அடித்தது. சந்தையைக் கடந்து, குதிரைப் பந்தயத் திடலைக் கடந்து இறக்கத்தில் இறங்கினார்கள். மழை தூறத் தொடங்கியது. ஹட்டனுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று அவள் மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். மலைப்பாதை இன்னும் வளைந்து நீண்டு கிடக்கக்கூடாதா என்றிருந்தது.

நானுஓயாவுக்குச் சற்று முன்னால் சோதனைச்சாவடி. மழைக்கோட்டுப் போட்ட இளம் சிப்பாய் கை காட்டி நிறுத்தினான். அடையாள அட்டை கேட்டான். கணேசமூர்த்தி தன்னுடையதையும் அவளுடையதையும் வாங்கிச் சேர்த்து ஜன்னல் வழியாக நீட்டினான். சிப்பாய் இரண்டு பெயர்களையும் வாசித்தான். ஒன்று இந்துப் பெயர், ஒன்று வேதக்காரப் பெயர், ஊர்களும் வேறு வேறு. நிமிர்ந்து அவளை எட்டிப் பார்த்துவிட்டு அவனிடம் சிங்களத்தில் கேட்டான்.

"மே கவுத?"

இது யார் என்கிறான். தெரிந்தவள், ஊர்க்காரி, டீச்சர், வழியில் ஏறியவள். சொல்ல எத்தனையோ இருந்தன. கேத்ரின் சாக்கின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கணேசமூர்த்தி, அந்தப் பதிலை அவளே சொல்லட்டும் என்பது மாதிரி, திரும்பி அவளைப் பார்த்தான். துடைப்பான் ஒருமுறை போய் வந்தது, இன்னொரு முறை போய் வந்தது. வெளியே சிப்பாயின் ஈர உள்ளங்கையில் இரண்டு அட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே இருந்த அவள் படத்தில் ஒரு துளி விழுந்து, உருண்டு, விளிம்பில் கொஞ்ச நேரம் நின்று, கீழே இருந்த அவன் அட்டையில் வழிந்தது.