மூன்று முறை திருப்பிய சாவி

சேலையூரிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த பழைய நீலக் கார், பம்மலில் துரையின் பட்டறையில் ஓர் இரவு முழுவதும் நின்றிருந்தது. காலையில் அவன் கதவைத் திறந்தபோது ஜெயசீலி டீச்சர் வாசலில் காத்திருந்தார்.

"இதை நீ சரி பண்ணக்கூட வேணாம் துரை. அன்னிக்கு ஏன் கிளம்பலைன்னு மட்டும் சொல்லு."

அவர் கணவர் சுவிசேஷமுத்து இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. விடிகாலையில் அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, ஜெயசீலிதான் அவரைக் காரில் ஏற்றிச் சாவியை முறுக்கினார். வண்டி இருமியதே தவிர எழவில்லை, பேட்டரியும் தீர்ந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துரை புது பேட்டரியைப் பொருத்தினான். பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டினான். முள் பூஜ்யத்தில் கிடந்தது. சாவியை முறுக்கினான். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை.

"இன்னா துரை, பாட்டி எழுந்துக்கலியா? காபி குடுத்துப் பாரு!" என்றார் பக்கத்துக் கடையில் டிங்கரிங் பார்க்கும் சேட்டு. டீச்சரைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எல்லாரும் வண்டியைத்தான் திட்டறாங்க," என்றார் ஜெயசீலி. "தப்பு என்னோடது. அவர் ஜெபம் பண்ணாம வண்டியை எடுக்கவே மாட்டார். சாவியைப் பாதி திருப்பிட்டுத் தலையைக் குனிவார், உதடு அசையும். அணைப்பார். மறுபடி திருப்புவார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு தரம். அப்புறந்தான் கிளப்புவார். அன்னிக்கு அவசரத்துல நான் ஜெபமே பண்ணலை துரை. கர்த்தர் கைவிட்டுட்டார்."

துரையின் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

ஓட்டை விழுந்த படகை அடைத்துத் தராமல், தண்ணீரை இறைக்கும் பக்குவத்தை மட்டும் படகோட்டிக்குச் சொல்லிக்கொடுத்த தச்சன் ஒருவன் உண்டு. படகோட்டி படுத்துவிட்டால் துடுப்பு யார் கைக்குப் போகும் என்பதை அவன் எண்ணவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் துரையும் எண்ணவில்லை. டாங்க்குக்குள் இருக்கும் பம்பு பழுதாகி, வண்டி நின்றதும் பெட்ரோலை டாங்க்குக்கே திரும்ப விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பழைய மாடலுக்குப் பம்பு உடனே கிடைக்கவில்லை. அதுவரை சமாளிக்க சுவிசேஷமுத்து சாருக்கு ஒரு வழி சொன்னான். பம்பு வந்து இரண்டு ஆண்டாகிறது. அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. சாரும் கேட்கவில்லை; இவனும் கூப்பிடவில்லை.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் பழி கடவுளோடும் டீச்சரோடும் நின்றுவிடும். தொண்டை வரை வந்த அந்தச் சொல்லை அவன் விழுங்கினான்.

"டீச்சரம்மா, இங்க பாருங்க." சாவியைப் பாதி திருப்பினான். பின்னிருக்கைக்கு அடியில் பம்பின் முனகல் கேட்டு அடங்கியது. முள் கொஞ்சம் ஏறியது. அணைத்தான். இன்னும் இரண்டு முறை திருப்பினான். முள் மேலே போய் நின்றது. பிறகு முழுதாகத் திருப்ப, கார் கிளம்பிவிட்டது.

"இது ஜெபம் இல்லம்மா. நான்தான் சாருக்குச் சொல்லிக் குடுத்தேன். பம்பை மாத்தாம வுட்டுட்டேன். உங்க கையில எந்தத் தப்பும் இல்ல. என்னைத் திட்டுங்க."

ஜெயசீலி திட்டவில்லை. ஓடும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதடு அசையுமே துரை?"

"ஒவ்வொரு வாட்டியும் மூணு வரைக்கும் எண்ணச் சொன்னேன்."

முப்பத்தொரு ஆண்டு உடன் வாழ்ந்தவரை இன்னொரு முறை இழப்பவர்போல அவர் காரின் கதவைப் பற்றிக்கொண்டார். தூக்கி வந்த பாரம் இறங்கியது உண்மை. ஆனால் இந்த மூன்று ஆண்டும் ஒவ்வொரு காலையும் பக்கத்து இருக்கையில் அவரும் கண்மூடி, அந்த அசையும் உதடுகளுக்கு மனத்துக்குள் 'ஆமென்' சொல்லியிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் மெல்ல. சொன்னது துரையிடமா, போனவரிடமா என்று தெரியவில்லை.

"புது பம்பு போட்டுடறேம்மா. இனிமே ஒரே திருப்புல..."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தார் ஜெயசீலி.

துரை எஞ்சினை அணைத்தான். அழுத்தமானியின் முள் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து பூஜ்யத்துக்கு வந்தது.