புள்ளி எட்டு லிட்டர்

இராமதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறி நின்றான். ஐம்பத்தைந்து புள்ளி இரண்டு. போன தடவை டயாலிசிஸ் முடிந்து இறங்கும்போது ஐம்பத்தொன்று புள்ளி ஐந்துதான் இருந்தது. டெக்னீஷியன் அன்பழகன் எண்ணைப் பார்த்துவிட்டு, பையோடு நின்ற அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வியிடம் திரும்பினான்.

"மூணு பாயிண்ட் ஏழு கிலோ ஏறியிருக்குக்கா. எல்லாம் தண்ணி. இவ்ளோவும் ஒரே மூச்சுல எடுத்தா பிரஷர் எறங்கிடும். ஒரு நாளைக்கு எவ்ளோ குடுக்கறீங்க?"

அவள் விரல்களை மடக்கினாள். "டீ பாயிண்ட் ஒண்ணு. மாத்திரைக்குத் தண்ணி பாயிண்ட் சைபர் அஞ்சு. ரசம் பாயிண்ட் ஒண்ணு அஞ்சு. வேலைக்கு எடுத்துட்டுப் போற பாட்டில் அரை லிட்டரு. எல்லாம் சேத்தா பாயிண்ட் எட்டு. நீங்க சொன்ன அளவுதான் சார்."

"கூட்டல் சரியாத்தான் இருக்கு. வெளிய எங்கியோ குடிக்கிறாரு."

இராமதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டயாலிசிஸ் பாதியிலேயே பிரஷர் இறங்கியது. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு கட்டிலில் துடித்தான். அவள் காலைப் பிடித்து நீவிவிட்டாள். முன்பெல்லாம் இப்படி ஆனால் அழுவாள். இப்போது கை பாட்டுக்கு நீவிக்கொண்டிருந்தது. வெளியில் கேன்டீன்காரன் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

நெல்லித்தோப்பு வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கேட்டாள். "எங்க குடிக்கிறீங்க?" அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் பெருக்குகிறாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அப்பார்ட்மெண்ட்டில்தான் அவன் வாட்ச்மேன். மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனாள்.

கேட்டருகே ஒரு பொட்டு நிழல் இல்லை. வழக்கமாக அவன் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியும் இல்லை. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் பூட்சுமாக, தோட்டத்து ஹோஸை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஹோஸைக் கீழே போட்டான்.

"நாக்கு மேல ஒட்டிக்குது செல்வி. ஒண்ணும் முடியல."

"சேர் எங்க?"

"எடுத்துட்டாங்க. உக்காந்தா தூங்கறோமாம்."

அப்போது அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரி ஸ்கூட்டரில் உள்ளே வந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"சார், இவரு சம்சாரம் நான். இவருக்கு கிட்னி போயிடுச்சு. வெயில்ல நின்னா தாகம் தாங்கல, தண்ணியும் குடிக்கக் கூடாது. அந்தப் படிக்கட்டு நெழல்ல ஒரு சேர் மட்டும் போட்டுக்குடுங்க சார்."

அவர் வண்டியை நிறுத்தி, பொறுமையாகக் கேட்டார். "அடடா, எனக்குத் தெரியாதேம்மா. இப்படிப்பட்டவர நிக்க வெக்கக் கூடாது. ஏஜென்சில சொல்லி நாளைலேருந்து வேற ஆளு போடச் சொல்லிடறேன். இவரு வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

"வேணாம் சார்," என்றாள் அவசரமாக. "அவருக்கு முடியுது. நான் சும்மா சொன்னேன். நிப்பாரு சார்."

இராமதாஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான். செக்ரட்டரி இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அவள் போய்த் தோட்டத்துக் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"நாளைலேருந்து ரசம் வேணாம்," என்றாள். "அந்த பாயிண்ட் ஒண்ணு அஞ்ச தண்ணி கணக்குல சேத்துடறேன். பாயிண்ட் ஆறு அஞ்சு லிட்டரு எடுத்துட்டு வரலாம்."

"சோத்துக்கு?"

"வெறுஞ்சோறா தின்னுங்க."

"சரி," என்றான்.

மணி ஆகிவிட்டிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாஸ்டல் பக்கம் நடந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒரு டிரைவர் மோட்டார் போட்டுக் கார் கழுவ ஆரம்பித்திருந்தான். நுரைத் தண்ணீர் சிமெண்ட் தரையில் வழிந்து, விறைப்பாக நின்றவனின் பூட்சைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது.