ரெண்டு நாழிகைத் தூக்கம்

…அப்படியானால் மூன்றாவது நாழிகையும் போய்விட்டது, இல்லை, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும், கொடிமரத்து நிழல் அந்த உடைந்த செங்கல்லைத் தொட்டால்தான் மூன்று, தொட்டுவிட்டதா என்று தேசப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான், தொட்டுத்தான் இருந்தது. ரெண்டு நாழிகை என்றுதானே துபாஷி ஞானதாஸ் காலையில் சொன்னார், உலாந்தா தேசத்து வெள்ளைக்கார வைத்தியர் விரலை ஆட்டி ஆட்டி அவர் பாஷையில் பேச, இவர் தமிழில் எடுத்துச் சொன்னார், "சாராயத்துல அபின் கரைச்சுக் குடுப்பாரு, உம் பொஞ்சாதி தூங்கிடுவா, ரெண்டு நாழிகை தூங்கலாம், தப்பில்ல, அதுக்கு மேல எழுந்துக்கலேன்னாதான் கவலப்படணும்." கவலைப்படணும் என்றால் யார், வைத்தியரா, அவனா, கவலைப்பட்டு அப்புறம் என்ன செய்வார்கள்… அதைக் கேட்காமல் வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டிவிட்டு வந்து, இதோ கோட்டைக்குள்ளே வைத்தியர் அறைக்கு எதிரே குந்தியிருக்கிறான், சாத்திய கதவைப் பார்த்தபடி. உள்ளே இருசம்மாள். பிறந்ததிலிருந்து இரண்டாகப் பிளந்தே இருக்கிற அவளுடைய மேலுதட்டைச் சீவி ஒட்டவைக்கிறார்கள். சற்று முன்வரை கிண்ணம் உரசுகிற சத்தமாவது வந்தது, வைத்தியர் ஒருமுறை இருமினார், இப்போது அதுவும் இல்லை, இன்னொரு தடவை இருமினால்தான் என்ன அந்த மனுஷன்.

நிழலை நம்பக் கூடாது, மேகம் வந்து வந்து மறைக்கிறது, மனசுக்குள்ளேயே தோணி விட்டுப் பார்க்கலாம், கோட்டைக்குப்பத்துத் துறையிலிருந்து முகத்துவாரத்துக்குக் கழி ஊன்றிப் போனால் ஒரு நாழிகை, திரும்பி வர இன்னொரு நாழிகை, கண்ணை மூடிக்கொண்டு ஊன்ற ஆரம்பித்தான், இங்கே சேறு, கழி உள்ளே போனால் வராது, இங்கே மணல் திட்டு, இடது பக்கமாக ஒதுங்கிப் போ… ஆனால் பாதி ஏரியிலேயே இருசி வந்து தோணியின் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டாள், வழக்கம்போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண் மட்டும் சிரித்தபடி, தோணி அங்கேயே நின்றுவிட்டது. நோயா, நொடியா? காய்ச்சலில் விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் போனாலும் தலையெழுத்து என்று சொல்லிக்கொள்ளலாம், இவள் நேற்றுகூட இறால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தக் கோட்டை வாசலுக்கு நடந்து வந்தாள், ராத்திரி இரண்டாம் தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டாள், பல்லில் வலியா, வயிற்றில் கட்டியா, ஒன்றும் கிடையாது. அழகுக்காகப் படுத்திருக்கிறாள். எழுந்திருக்காமல் போனால் அவள் தங்கை குப்பம்மாவிடம் போய் என்ன சொல்வது, உங்கள் அக்கா அழகாக இருக்கப் பார்த்துச் செத்துப்போனாள் என்றா? குப்பம்மா சும்மா விடமாட்டாள், முறத்தாலேயே அடிப்பாள், அடிக்கட்டும், அதற்காகவாவது யாராவது அடித்தால் தேவலை.

ஆரம்பித்துவைத்தது அந்த வைத்தியர்தான், மீன் வாங்க வந்தவர் அவள் முந்தானை நழுவின நேரம் பார்த்து நின்றுவிட்டார், தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார், ரெண்டு வெள்ளி ஊசி, ஒரு முழம் நூல், அவ்வளவுதான், எங்கள் ஊரில் நிறையப் பேருக்குச் செய்திருக்கிறேன் என்றார், இல்லை, அப்படிச் சொன்னதாக ஞானதாஸ் சொன்னார். கிரகணத்தன்று அவள் அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்ததால் வந்த வாய் என்று குப்பமே முடிவுகட்டி வைத்திருந்ததை இந்த மனுஷன் நூலும் ஊசியும் வைத்து மாற்றிவிடுவானாமே, தேசப்பனுக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. அவள் பேசினால் மற்றவர்களுக்குப் பாதி விளங்காது, மூக்கால் வரும், காற்றாக வரும், அவனுக்கு மட்டும் எல்லாம் விளங்கும், "இன்னாடா சொல்றா உன் பொண்டாட்டி?" என்று அவனைத்தான் எல்லோரும் கேட்பார்கள், அவனும் பெரிய துபாஷி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவான், சமயத்தில் தன் கைச்சரக்கும் சேர்த்து. அவள் ஒருத்தியைப் பார்த்து 'போடி' என்றால் இவன் 'அண்ணி, நாளைக்கு வரணுமாம்' என்பான், கூட்டம் சிரிக்கும், இருசி முதுகில் ஒன்று வைப்பாள், அவளும் சிரிப்பாள். சிரித்தாளா எல்லாத் தடவையும்? முந்தானைக்குப் பின்னால் எவன் கண்டான்.

உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தான், மதில் நிழலில் ஏதோ ஓலையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த ஞானதாஸ் முன்னால் போய் நின்றான். "சாமி, மூணு நாழிகைக்கு மேல ஆயிப்போச்சு, கதவத் தட்டச் சொல்லுங்க, அவ எழுந்துக்கல." ஞானதாஸ் தலை நிமிரவே இல்லை, "எங்கப்பா ஆச்சு, கோட்டை மணி ஒரு தபாதானே அடிச்சான், ரெண்டாவது மணிக்கு இன்னும் எவ்ளோ கீது." மணிக்கும் நாழிகைக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் நின்றான். "அவுங்க கணக்கு வேற தேசப்பா, அவுங்க மணி ஒண்ணு நமக்கு ரெண்டரை நாழிகை, ரெண்டுன்னா அஞ்சு, இன்னும் நேரம் கெடக்குது, போய் உக்காரு." "அப்போ காலைல ரெண்டு நாழிகைன்னு…" "வேற இன்னான்னு சொல்றது, அந்தப் பாஷைல அதுக்கு ஒரு பேரு, நம்ம பாஷைல கிட்டத்துல இருக்கிற பேரச் சொன்னேன், ஒரு வார்த்ததானே, அதுக்குப் போய் மூஞ்ச இப்படி வெச்சுக்கறியே!"

சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, மதிலோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தான், அவள் சாகவில்லை, தூங்குகிறாள், அஞ்சு நாழிகை தூங்கலாம், தூங்கு தாயி தூங்கு… அந்தச் சிரிப்பு வாயிலிருந்து இறங்குவதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தைதானே. காலையில் அபின் கிண்ணத்தை நீட்டிவிட்டுக் கடைசியாக ஒருமுறை அவளையே கேள் என்றார் வைத்தியர், ஞானதாஸ் கேட்டார், அவள் குனிந்தபடி ஒரு வார்த்தை சொன்னாள், ஞானதாஸுக்கு விளங்கவில்லை, இவன் பக்கம் திரும்பினார், இவன் சொன்னான், "வேணுமாம்." வேணும் என்றா சொன்னாள்? கடைசி எழுத்துக்கு உதடு சேர வேண்டும், அவளுக்குச் சேராது, நடு எழுத்துக்கு உதடு குவிய வேண்டும், குவியாது, வேணும் என்றாலும் வேணாம் என்றாலும் அவள் வாயில் ஒரே சத்தம்தான், பத்து வருஷமாக அவன் அவள் கண்ணைப் பார்த்துத்தான் பிரித்தறிகிறான். காலையில் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வைத்தியரின் வெள்ளி ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் குடித்தாளே, வேணாம் என்றால் குடிப்பாளா, தட்டிவிட்டிருக்க மாட்டாளா… இவன் சொன்ன மறுவினாடியே வைத்தியருக்குத் துணையாக நின்ற சிப்பாய் கிண்ணத்தை அவள் வாயில் வைத்துவிட்டான், அவள் கிண்ண விளிம்புக்கு மேலே இவனைப் பார்த்தாள், மருந்து கசக்கிறது போல என்று நினைத்தான். அப்படியானால் யாருக்கு வேணும்? எனக்கு வேணும், எனக்குத்தான் வேணும், ஒரு தடவையாவது திருவிழாக் கூட்டத்தில் அவள் முந்தானை இல்லாமல் என் பக்கத்தில் நடக்க வேணும், அதை அவள் வாயில் போட்டு எடுத்துச் சொன்னேன்.

கதவு திறந்தது. வைத்தியர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஞானதாஸிடம் என்னவோ சொன்னார், அவனைத் தோளில் தட்டினார், அவன் யாரையும் கேட்காமல் உள்ளே போனான். கட்டிலில் இருசம்மாள் கண்ணைத் திறந்திருந்தாள், மூச்சு ஏறி ஏறி இறங்கியது, அதைப் பார்த்ததும் கண்ணில் நீர் முட்டிவிட்டது அவனுக்கு, மேலுதடு வீங்கி, குறுக்கே இரண்டு ஊசி, அவற்றைச் சுற்றி நூல், அறுந்த வலைக்கண்ணைச் சேர்த்துப் பிடித்தது போல. பின்னாலேயே ஞானதாஸ் வந்தார், "பத்து நாளைக்கு வாயத் தொறக்கவே கூடாது, ஒரு வார்த்த பேசக் கூடாது, கஞ்சித்தண்ணி மட்டும் சங்குல ஊத்து, நீ பாட்டுக்கு எதனா சொல்லி சிரிக்க வெச்சிடாத, பிச்சிக்கும். அப்புறம் பாரு, உம் பொஞ்சாதி பேசினா ஊருக்கே விளங்கும், உன்னை எவனும் தேடமாட்டான்." சிரித்துவிட்டு வெளியே போனார். பத்து நாள் கழித்து அவள் முதலில் யாரிடம் என்ன சொல்லுவாள்?

அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான், அபின் வாடையும் ரத்த வாடையும், "இருசி, காலைல நீ வேணும்னியா, வேணாம்னியா?" என்று கேட்டான். அவள் அவனையே பார்த்தாள். கேட்டு முடித்ததுமே தெரிந்துவிட்டது, இதற்குத் தலையை ஆட்டிப் பதில் சொல்ல முடியாது, வேணாம்னியா என்று மட்டும் கேட்டிருந்தால் மேலும் கீழும் ஒரு அசைவு, இல்லை பக்கவாட்டில் ஒரு அசைவு, போதும், அவ்வளவு சுலபம், திருப்பிக் கேள், ஒரு வார்த்தைதானே, கேள்… "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டான். இருசம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள், எவ்வளவு தெளிவாக ஆட்டுகிறாள்.